தார்ப்பாய்க்குள்ளும் நனையும் நெல்
கொச்சி: மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளில் அரிசியும் மிளகும் ஓட்டுக் கூரையின் கீழ் அடுக்கப்பட்டன. குட்டநாட்டு நெல்லுக்கோ அந்த வாய்ப்பு இல்லை. மார்ச், ஏப்ரல் அறுவடைக்குப் பின், ஆலை லாரிகள் வரும்வரை அது வரப்புகளிலும் சாலையோரத்திலும் குவிந்து கிடக்கிறது. கோடை மழையும் அப்போதுதான் பெய்கிறது.

அரசு கொள்முதலுக்கு ஈரப்பத உச்சவரம்பு 17 சதவீதம். நெடுநாள் இருப்புக்குச் சுமார் 14 சதவீதமே பாதுகாப்பானது. மிஞ்சினால் குவியல் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், நெல் முளைவிடும். தார்ப்பாய் மழையைத் தடுத்தாலும் உள்ளீரத்தை அடைத்துவைக்கிறது; இரவுக் குளிரில் அது துளிகளாகி மேல் நெல்லை நனைக்கிறது. ஆகவே வெயிலில் விரிப்பை அகற்றி உலர்த்த வேண்டும்.

இந்திய உணவுக் கழகத்தின் திறந்தவெளி இருப்பிடங்களில் மூட்டைகளுக்கு உயர்மேடையும் மரச்சட்டமும் உண்டு. வரப்பில் மேடை ஏது? கூடுதல் ஈரத்துக்காக ஆலைகள் எடையில் கழிக்கும் நெல், விவசாயிக்கே நட்டம்.