கொடியும் தெங்கும்

பிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றின் வரலாற்றை இந்துக் கல்லூரி விழா மலரில் எழுதப் புகுந்தமை கண்டு அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. எமது கருத்துச் செல்வது குடியின்மேலன்று, கொடியின்மேலாம். புத்தளக் கரையோரத்தே தென்னஞ்சோலைகளினிடையே வாழும் நமக்கு அவ்வரலாற்றிலே ஒரு பாடம் உண்டு.

பர்கண்டிப் பகுதியிலுள்ள அத்தோட்டத்தின் பெயர் குளோ த வூஜோ. 'குளோ' என்பது மதில் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும். 12ஆம் நூற்றாண்டிலே சீத்தோ மடத்துத் துறவியர் அதனை உண்டாக்கத் தொடங்கினர். 1336 அளவில் சுற்றுமதில் நிறைவுற்றது. பரப்பு ஏறத்தாழ 125 ஏக்கர். பிரெஞ்சுப் புரட்சி வந்தது. மடத்தின் உடைமை அரசின் வசமாயிற்று. 1889இல் தோட்டம் பலருக்கு விற்கப்பட்டுத் துண்டுபட்டது. இன்று அம்மதிலுக்குள் 80 பேரளவில் உரிமையாளர் உளர்.

உடைமை இவ்வாறு சிதறியும் கொடியின் குலம் சிதறவில்லை. காரணம் யாது? திராட்சை தண்டினால் இனம் பெருக்குவது. தாய்க்கொடியின் துண்டை நட்டால் மகளும் தாயேயாவாள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரை அழிக்கும் பூச்சியொன்று பிரான்சின் தோட்டங்களைப் பாழாக்கியபோதும், அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் பழைய கொடியின் தண்டை ஒட்டி அவ்வினத்தைக் காத்தனர்.

தென்னைக்கு இவ்வசதி இல்லை. அதற்குக் கிளையுமில்லை, ஒட்டுவதற்கு இடமுமில்லை. ஆய்வுகூடங்களில் இழைய வளர்ப்பு முயற்சிகள் நடைபெறினும், தோட்டக்காரனுக்கு வித்துத் தேங்காயே வழி. நெட்டைத் தென்னையில், ஒரே பாளையின் ஆண்பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்த பின்னரே பெண்பூக்கள் பக்குவமடையும். ஆதலின் காற்றும் தேனீயும் அயல்மரத்து மகரந்தத்தைக் கொணர்கின்றன. தாய்மரம் குலைகுலையாய்க் காய்ப்பினும் தந்தை யாரென அறியோம்.

இக்குறையை நீக்க முயன்றதும் நமது மாவட்டத்துத் தோட்டமே. 1928ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்வழி 1929இல் தெங்கு ஆராய்ச்சித் திட்டம் தோன்றியது. லுணுவிலவிலுள்ள பண்டிரிப்புவத் தோட்டம் அதன் இருப்பிடமாயிற்று. 1950இல் அது தெங்கு ஆராய்ச்சி நிலையமெனப் பெயர் பெற்றது. 1955இல் அம்பகெல்லவில் தனித்த வித்துத்தோட்டம் அமைத்தனர். துறவியர் கல்லால் மதில் எடுத்தனர். இவர்களோ அயல் மகரந்தம் புகாவண்ணம் காட்டையே மதிலாகக் கொண்டனர். தெரிந்தெடுத்த நெட்டைகளையும், குட்டையும் நெட்டையும் கலந்த இனங்களையும் தந்தை தாய் அறிந்து பெறும் வழி இதனால் திறந்தது.

இதன் அருமையை யாம் பட்டே அறிந்தோம். வீட்டு வளவில் நடுவதற்குத் தெருவோரத்தில் மலிவாகப் பத்துக் கன்றுகள் வாங்கினோம். தண்ணீர் ஊற்றினோம், எருவிட்டோம், ஏழாண்டு காத்திருந்தோம். செவ்வையாகக் காய்த்தவை மூன்றே. மாணவன் எழுதும் கட்டுரையிலே பிழை கண்டால் அன்றே திருத்திவிடலாம். தென்னையில் நேர்ந்த பிழையோ ஏழாண்டின் பின் தெரிவது, அறுபதாண்டு நிற்பது.

இன்று நமது கரையோரத்துத் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகத் துண்டுபட்டு வருகின்றன. பங்கிடுவதைத் தடுத்தல் எவர்க்கும் எளிதன்று; வூஜோவிலும் அஃது இயலவில்லை. ஆயினும் பத்துப் பேர்ச் வளவிலும் இரண்டு தென்னை நிற்கும். அவ்விரண்டும் குலமறிந்த கன்றுகளாயின், நிலம் துண்டுபட்டாலும் இனம் துண்டுபடாது. தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்றழைத்தனர் நம் முன்னோர். பிள்ளையைப் பெயரளவிற் பேணினாற் போதுமா? வருகின்ற மழைக்குக் குழி தோண்டும் பழைய மாணவர்கள், வித்து எங்கிருந்து வந்ததென முதலில் வினவுவார்களாக.