அன்று வேண்டாம் என்ற கைலிப் பாவாடை

இந்தப் பகுதியில் சமையல், பிள்ளைகள் படிப்பு, மாமியார் வீட்டுக் கதை என்று எத்தனையோ பேர் மனம் விட்டு எழுதுகிறீர்கள். நான் எழுதப்போவது கொஞ்சம் வேறு மாதிரி. எனக்கு ஃபேஷன் பைத்தியம். சிரிக்காதீர்கள்! வயது முப்பத்தெட்டு, படிப்பு பத்தாவது, இருப்பது கடலூர் முதுநகர். மீன் கூடையும் லாரியும் ஸ்கூல் வேனும் ஒரே ரோட்டில் முட்டிக்கொள்ளும் ஊர். இங்கே உட்கார்ந்துகொண்டு பாரிஸிலும் மிலானிலும் யார் என்ன உடுத்தி நடந்தார்கள் என்று பார்ப்பவள் நான்.

மதியம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு அரைமணி நேரம் எனக்கே எனக்கு. அப்போது செல்போனில் ஃபேஷன் ஷோ பார்ப்பேன். என் மாமியாருக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. "ஏண்டி, யாராவது செத்துட்டாங்களா? ஒருத்தி மூஞ்சியிலயும் சிரிப்பே இல்லியே" என்பார். அதென்னமோ உண்மைதான். அத்தனை விலை உடையைப் போட்டுக்கொண்டு ஏன்தான் அப்படி முறைத்துக்கொண்டு நடக்கிறார்களோ! ஆனால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. துணியைப் பார்ப்பேன். மடிப்பு எங்கே விழுகிறது, கட்டம் போட்ட துணியாக இருந்தால் தையலில் கட்டத்தோடு கட்டம் சேர்கிறதா என்று பார்ப்பேன். இந்தப் பார்வை எனக்கு எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் நான் யோசித்ததில்லை.

என் பிறந்த வீடு குறிஞ்சிப்பாடி. கைலிக்குப் பேர் போன ஊர். அப்பா குழித்தறியில் கைலி நெய்தார். முதலாளியிடம் பாவு வாங்கிவந்து நெய்து கொடுத்தால் கைலிக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள். ஸ்கூலுக்குக் கிளம்புமுன் நானும் சுற்றிக் கொடுக்க வேண்டும். கஞ்சி வாசனையும் சாய வாசனையும் வீடெல்லாம் இருக்கும். விடியற்காலையில் தெருவே டக்டக்கென்று சத்தம் போடும். சத்தம் நின்றால்தான் எங்களுக்கு முழிப்பு வரும்.

லாரா தத்தாவும் பிரியங்கா சோப்ராவும் உலக அழகிப் பட்டங்கள் வாங்கிய 2000-ஆம் வருஷம் எனக்குப் பதிமூன்று வயது. எதிர்வீட்டு டீவியில் பார்த்துவிட்டு வந்து, அம்மா புடவையைச் சுற்றிக்கொண்டு தறிக்கும் சுவருக்கும் நடுவில் நடந்து காட்டுவேன். அப்பா நாடாவை நிறுத்திவிட்டுப் பார்த்துச் சிரிப்பார். அடுத்த பொங்கலுக்கு அவர் ஒரு காரியம் செய்தார். நீலமும் அரக்கும் கட்டம் போட்ட கைலியில் எனக்கென்று இரண்டு கெஜம் கூடுதலாக நெய்து, டெய்லரிடம் கொடுத்து, முழங்காலுக்குக் கீழே வரும் மாதிரி பாவாடை தைத்துக் கொண்டுவந்தார். இடுப்பில் கொசுவம் வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு. டீவியில் பார்த்தாராம்.

அதை ஒரே ஒரு தடவை போட்டுக்கொண்டு டியூஷனுக்குப் போனேன். "ஏய், அவங்கப்பா கைலிய கட்டிகிட்டு வந்திருக்காடி!" என்று ஒருத்தி சொன்னதும் மொத்தப் பேரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கழற்றி எறிந்து, அப்பா காதில் விழுகிற மாதிரியே, "எனக்குக் கைலி வேணாம், நல்ல துணி வேணும்" என்று கத்தினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தறியில் இறங்கி உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் அந்தப் பாவாடை அடுப்படியில் கரித்துணி ஆயிற்று.

கல்யாணமாகி முதுநகர் வந்த பிறகும், அக்கம்பக்கத்தில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டால் "ஜவுளி" என்று மட்டும் சொல்வேன். ஜவுளிக்கடை முதலாளி என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் அது என் குற்றமா!

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் பிறந்த வீட்டுக் கூரை போயிற்று. அப்பா கூரை போட்டு மறுபடி நெய்தார். 2015 ஆகஸ்ட் 7-ஆம் தேதி சென்னையில் விழா எடுத்து, முதல் தேசிய கைத்தறி தினம் என்று அறிவித்தார்கள். அதே வருஷம் நவம்பரில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெய்த மழையில் தறிக்குழி முழுக்கத் தண்ணீர். பாவு அழுகிவிட்டது. பாவுக்கான பணத்தை யார் தருவது என்று முதலாளியோடு மனஸ்தாபம் வேறு. தண்ணீர் வடிந்ததும் அப்பா குழியை மண் போட்டு மூடி மேலே சிமெண்ட் பூசிவிட்டார். இப்போது அந்த இடத்தில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. அப்பா ஒரு கல்யாண மண்டபத்தில் இரவுக் காவலுக்குப் போகிறார்.

இனி 2018. பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு படம். ஸ்பெயின் நாட்டு ஜாரா கம்பெனி இங்கிலாந்தில் ஒரு ஸ்கர்ட் விற்கிறது. கட்டம் போட்டது, முன்னால் மடிப்பு, கீழே ஒரு வெட்டு. விலை 69.99 பவுண்டு. நம் பணத்தில் அப்போது ஆறாயிரத்துக்கு மேல். நம்ம ஊர் ஆட்களெல்லாம் "இது எங்க தாத்தா கட்டுற லுங்கியாச்சே" என்று கேலி செய்ததுதான் செய்தி. மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே குறிஞ்சிப்பாடிக்கு பஸ் ஏறினேன்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். விலையைச் சொன்னேன். நம்பவில்லை, இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "உனக்கு நான் அப்பவே தைச்சுக் குடுத்தேனேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அங்கே உட்கார முடியாமல், காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

பட்டணத்துக் கதைக்கு வருகிறேன். போன வருஷம் சென்னையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் பத்து நாள் இருந்தேன். கம்பெனி வேலை, இரண்டு பிள்ளைகள். சென்னைப் பெண்கள் எல்லாம் நான் செல்போனில் பார்க்கிற மாதிரி உடுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். அங்கே யாருக்கும் கண்ணாடி பார்க்கவே நேரமில்லை! நாத்தனாரிடம் ஐந்து குர்தி, மூன்று லெக்கின்ஸ், ஒரு ஷூ. அவ்வளவுதான் வாரம் முழுக்க. துப்பட்டா வண்டிச் சக்கரத்தில் மாட்டும் என்று விட்டுவிட்டாள். பட்டுப்புடவை பீரோவில் தூங்குகிறது. மாம்பலம் ஸ்டேஷனில் காலை நேரத்தில் நின்று பார்த்தேன். ஓடிவந்து ரயில் ஏறுகிற பெண்களில் பாதிப் பேருக்குத் தலை ஈரம். பின் குத்துவது, பொட்டு வைப்பது எல்லாம் ரயிலுக்குள்ளேதான். அந்தக் கூட்டத்தில் கசங்காத, மாட்டாத, காயவைத்தால் ஒரு ராத்திரியில் காய்கிற துணிதான் ஃபேஷன். மேடையில் நடக்கிறவளுக்கு ஒரு நிமிஷம் நடந்தால் போதும், இவர்களுக்கு ராத்திரி எட்டு மணி வரை அதே உடையில் இருக்க வேண்டும் அல்லவா? என்னைக் கேட்டால், மாம்பலம் படிக்கட்டில் ஏறி இறங்கிய பிறகும் பார்க்க நன்றாக இருக்கிற உடைக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

அந்த ஞாயிறு ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிப்போனாள். ஏசி கடையில் ஆண்கள் சட்டை மாட்டியிருந்தது. நீலமும் அரக்கும் கட்டம். மேலே 'மெட்ராஸ் செக்ஸ்' என்று போர்டு. விலை மூவாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு. என் கை தானாக உள்பக்கம் திருப்பிப் பார்த்தது. பாக்கெட்டில் கட்டம் சேரவில்லை. "அண்ணி, என்ன பாக்குறீங்க?" என்றாள். "எங்கப்பா நெய்யுற கட்டம் இது" என்றேன். சொன்னபிறகுதான், அதை முதல் தடவையாக வெளியாள் முன்னால் சொல்கிறேன் என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற விற்பனைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும்.

மெட்ராஸ் பேர் எப்படி வந்தது என்று என் பெண்ணை விட்டுத் தேடச் சொன்னேன். அவள் பிளஸ் டூ படிக்கிறாள். அடேயப்பா, எவ்வளவு கதை! இங்கிலீஷ்காரர்கள் 1690-ல் நம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியதே துணி வியாபாரத்துக்காகத்தானாம். பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊரெல்லாம் அவர்களுக்கு என்று பேரம். கடலூரில் குண்டு சாலை என்று தினமும் சொல்கிறோமே, அதன் விஷயம் இதுதான்.

முப்பத்தாறு அங்குலச் சதுரத்தில் கட்டம் போட்ட துணிக்கு 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று பேர். அது கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போயிருக்கிறது. நைஜீரியாவில் கலபாரி என்ற இனத்துப் பெண்கள் அதை 'இஞ்சிரி' என்கிறார்கள். வாங்கிய துணியில் நூல்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து வேறு டிசைன் ஆக்குகிறார்களாம். செயின்ட் லூசியா தீவில் பெண்களின் தேசிய உடையிலேயே மெட்ராஸ் துணி இருக்கிறது. அந்தத் தீவுகளில் தலையில் கட்டும் துணியில் எத்தனை முனை நிற்கிறது என்பதை வைத்து, அவள் தனி ஆளா, கல்யாணமானவளா என்று சொல்லிவிடுவார்களாம். நமக்கு மெட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1958-ல் நடந்தது. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, பிற்பாடு லீலா ஓட்டல்களைக் கட்டிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கெஜம் ஒரு டாலர் என்று மெட்ராஸ் துணி வாங்கினார். குளிர்ந்த தண்ணீரில் பதமாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லி அனுப்பிய எச்சரிக்கை, வாங்கி உடுத்தியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மெஷினில் போட்டார்கள், சாயம் ஒழுகிவிட்டது. வழக்கு வரை போகும் என்ற நிலைமை. அதற்குள் ஒரு பத்திரிகையில், துவைக்கத் துவைக்க நிறம் மாறும் கைத்தறி அதிசயம் என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான், சாயம் போகும் துணி வேண்டும் என்று கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார்களாம்! நம் வீட்டில் சாயம் போனால் கடைக்காரனைத் திட்டுகிறோம். அங்கே அதுவே ஃபேஷன்.

இன்றும் இந்த வழக்கம் போகவில்லை. 2025 ஜூனில் மிலான் நகர மேடையில் பிராடா கம்பெனி கோலாப்பூர் செருப்பு மாதிரியே நடக்கவிட்டு, ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. மகாராஷ்டிராவில் சத்தம் போட்டபிறகு ஒப்புக்கொண்டார்கள். கோலாப்பூர்க்காரர்களுக்குச் சத்தம் போட ஆள் இருந்தது. எங்கள் தெருவில் அன்றைக்கு அப்பா மட்டும்தான் படத்தைப் பார்த்தார்.

கைலியைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985-ல் சட்டம் வந்திருக்கிறது. கடையில் கேட்டால் விசைத்தறிக் கைலிதான் முதலில் எடுத்துப் போடுகிறார்கள். சகோதரிகளே, வீட்டுக்காரருக்குக் கைலி வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். தறியில் துணியை இழுத்துப் பிடிக்கிற ஊசியின் சின்னச் சின்னத் துளைகள் வரிசையாக இருக்கும். 2006-ல் வந்த கைத்தறி முத்திரையும் இருக்கிறதா என்று கேளுங்கள். நாம் கேட்டால்தான் கடைக்காரர் அடுத்த தடவை வைப்பார்.

இந்தப் பொங்கலுக்கு அப்பாவிடம் போய், "உங்க பேத்திக்குக் கைலித் துணி வேணும்பா" என்றேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அவர் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கள் தெருவில் இன்னும் தறி ஓடும் வீட்டுக்குக் கூட்டிப்போய், அரைமணி நேரம் புரட்டி, நீலமும் அரக்கும் ஒன்று எடுத்தார். டெய்லர், "அக்கா, கைலியையா வெட்டணும்?" என்று இரண்டு தடவை கேட்டார். கட்டத்தோடு கட்டம் சேராவிட்டால் கூலி கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெண் அதைப் போட்டுக்கொண்டு தோழி பிறந்தநாளுக்குப் போனாள். வாசலிலேயே நின்று காத்திருந்தேன், எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. திரும்பி வந்து, "மூணு பேர் எங்க வாங்கினேன்னு கேட்டாங்கம்மா" என்றாள். "என்ன சொன்னே?" என்றேன். "தாத்தா ஊர்லன்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

முதல் தண்ணியில் தனியாக, கல் உப்புப் போட்டு அலசு என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாமியாருக்கு அது தெரியாது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊறப்போட்டுவிட்டார். என்னவருடைய வெள்ளைச் சட்டை வானம் மாதிரி நீலமாகிவிட்டது. அமெரிக்காவில் இதற்குக் காசு கொடுத்து வாங்கினார்களாம் என்று சொல்லிச் சமாளித்தேன். நம்பினாரோ இல்லையோ, அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

— நெசவாளி மகள், கடலூர் முதுநகர்