எழுத்தும் எண்ணும்: போர் விமானங்களின் நாமகரணம்

திருத்தணி மலைப் படிகளில் நின்று தெற்கே நோக்குகிறவர்கள், ரேணிகுண்டாவுக்குச் செல்லும் பயணிகள் விமானமோ என்று ஐயுறத்தக்க பெரிய சாம்பல் நிற விமானம் ஒன்று தாழ்ந்து வந்து அரக்கோணத்துப் பக்கம் இறங்குவதைச் சில வேளைகளில் காணலாம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்களும் போயிங் 737 விமானத்தின் உடலமைப்பும் அதற்கு உண்டென்றாலும், பயணிகள் ஜன்னல் வரிசை இல்லாமையாலும், வாலிலிருந்து பின்னோக்கி நீண்டிருக்கும் மெல்லிய தண்டினாலும், அது வேறு தொழிலுக்குப் பிறந்தது என்பது கூர்ந்து பார்ப்போருக்கு விளங்கிவிடும். அதன் பெயர் பி-8ஐ. 1960-ல் திருத்தணி சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது அரக்கோணத்தில் இத்தகைய விமானதளம் கிடையாது, ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படைத் தளம் 1992 மார்ச் மாதத்தில் அங்கே ஏற்பட்டது. முதல் பி-8ஐ 2013 மே மாதத்தில் அங்கு வந்து இறங்கியது.

'பி-8ஐ' என்பதில் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கின்றன. 'சுகோய்-30 எம்.கே.ஐ.', 'ஏ.எச்.-64ஈ', 'ஏ.என்.-32' என்றெல்லாம் பத்திரிகைகளில் தினமும் அச்சாகும் இத்தகைய குறிகளைப் படிப்பவர்களுள் பெரும்பாலோர், அவை நிபுணர்களுக்குரிய சங்கேதம் என்று எண்ணிக் கண்ணை அடுத்த வரிக்குச் செலுத்திவிடுகிறார்கள். உண்மையில், சந்நிதியில் அர்ச்சனைக்கு நிற்பவர் பெயர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றையும் சொல்லித் தம்மைத் தெரிவித்துக்கொள்வது போல, ஒரு போர் விமானமும் தன் தொழில் இன்னது, தன் வம்சம் இன்னது, தான் யாருக்காகச் செய்யப்பட்டது என்பவற்றை அந்தச் சில எழுத்துக்களில் சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால், நம் தேசம் எந்தக் காலத்தில் யாரிடமிருந்து ஆயுதம் பெற்றது, எப்போது சொந்தக் காலில் நிற்க முயன்றது, அந்த முயற்சி எங்கே தடைப்பட்டது என்ற சரித்திரத்தையும் படித்துவிடலாம்.

பி-8ஐ அமெரிக்க சம்பிரதாயத்தைச் சேர்ந்தது. அங்கே 1962 வரையில் கடற்படைக்கு ஒரு முறையும் விமானப்படைக்கு வேறொரு முறையும் இருந்தமையால், மக்டானல் கம்பெனியின் ஃபாண்டம் என்ற ஒரே விமானத்தை ஒரு சேனை எஃப்4எச் என்றும் மற்றொரு சேனை எஃப்-110 என்றும் அழைக்க, அரசாங்கக் கணக்குகளிலே ஒரே பொருள் இரண்டு பொருள்களாகத் தோன்றும் விபரீதம் நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பாதுகாப்புத் துறை எல்லாச் சேனைகளுக்கும் பொதுவான ஒரே ஒழுங்கை விதித்தது. ஃபாண்டம் அன்றுமுதல் எஃப்-4 ஆயிற்று. அந்த ஒழுங்கில் முதல் எழுத்து தொழிலைக் குறிக்கும்: எஃப் என்றால் எதிரி விமானத்தோடு பொருதும் போர் விமானம், பி என்ற மெல்லோசை எழுத்து குண்டுவீச்சு, அதன் வல்லோசை இணை கடல் ரோந்து, சி சரக்கு, டி பயிற்சி, ஏ தரைத்தாக்குதல், எச் ஹெலிகாப்டர். எண், அந்தத் தொழிலில் அது எத்தனையாவது வடிவம் என்பதைச் சொல்லும். ஈற்றெழுத்து, அந்த வடிவத்தின் எந்தத் திருத்தம் என்பதைச் சொல்லும். ஆகவே, நம் விமானப்படையின் அப்பாச்சியான ஏ.எச்.-64ஈ, தாக்குதல் தொழிலுடைய ஹெலிகாப்டர், 64-ஆம் வடிவம், ஐந்தாம் எழுத்துக்குரிய திருத்தம் என்று தன்னைத்தானே விளக்கிக்கொள்ளுகிறது. சினூக் என்ற சி.எச்.-47எஃப் சுமை தூக்கும் ஹெலிகாப்டர் என்பதற்கும் வேறு அகராதி வேண்டியதில்லை.

பி-8ஐ-யின் ஈற்றிலுள்ள 'ஐ' இந்தியாவைக் குறிக்கும். அது வெறும் மரியாதைக்காகச் சேர்த்த எழுத்தன்று. அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ விமானத்தில் அந்த வால்தண்டு கிடையாது. கடலுக்குள் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலின் இரும்புடல் பூமியின் காந்தப் புலத்தில் உண்டாக்கும் சிறு மாறுதலை உணரும் கருவி அத்தண்டினுள்ளே இருக்கிறது; விமானத்தின் சொந்த உலோகமும் மின்சாரமும் அக்கருவியைக் குழப்பாதிருக்கும் பொருட்டே அதை உடலிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறார்கள். அமெரிக்கர் வேண்டாமென்று விட்ட அதை நம்மவர் கேட்டுப் பொருத்திக்கொண்டார்கள். ஒற்றை எழுத்தின் பொருளைக் கண்ணாலேயே காண முடிகிற இடம் இது என்பதால், அரக்கோணத்துக்கு அருகே வாழும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இதைக் காட்டிக் கற்பிக்கலாம்.

அரக்கோணத்தில் பி-8ஐ-க்கு முன்பு இருந்தது வேறு தேசத்துப் பிள்ளை. டி.யூ.-142எம் என்ற அந்த ருஷ்ய விமானம், நான்கு எஞ்சின்களும் ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகளுமாக, மிகுந்த பேரொலியோடு பறந்தது. 1988-ல் கோவாவுக்கு வந்து, பிறகு அரக்கோணத்துக்கு இடம் மாறி, 2017 மார்ச் 29-ஆம் நாள் ஓய்வு பெற்றது. அவற்றுள் ஒன்றை இன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதன் பெயரில் தொழிலைக் குறிக்கும் எழுத்தே இல்லை. சோவியத் சம்பிரதாயத்தில் முதலில் நிற்பது விமானத்தை வகுத்த சிற்பியின் பெயர்: டி.யூ. என்றால் துபோலெவ், எஸ்.யூ. என்றால் சுகோய், ஏ.என். என்றால் அன்டோனோவ், மிக் என்றால் மிக்கோயான், குரேவிச் என்ற இருவர். தொழிலை எண்ணைக் கொண்டு ஒருவாறு ஊகிக்க வேண்டும்; போர் விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒற்றைப்படை, மற்றவற்றுக்கு இரட்டைப்படை. மிக்-21, 23, 27, 29 என்றும், ஏ.என்.-32, ஐ.எல்.-76 என்றும் வருவது இதனால்தான். சுகோய்-27-இலிருந்து கிளைத்த சுகோய்-30 இந்த வழக்கத்துக்கு விலக்கு. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் 222-ஆம் ஸ்குவாட்ரனுக்குக் கொடுக்கப்பட்ட சுகோய்-30 எம்.கே.ஐ.-யின் ஈற்றிலுள்ள மூன்று எழுத்துக்கள், நவீனமாக்கப்பட்டது, விற்பனைக்குரியது, இந்தியாவுக்குரியது என்ற மூன்று ருஷ்யச் சொற்களின் தலையெழுத்துக்கள். சீனாவுக்குச் சென்றது எம்.கே.கே., மலேசியாவுக்குச் சென்றது எம்.கே.எம்.

சோவியத் தேசம் தன் ஆயுதங்களின் உண்மைப் பெயரை வெளியிடாத காலத்தில், மேற்கு நாடுகளின் நேட்டோ கூட்டணி தானாகவே ஒரு பெயர் வரிசையை ஏற்படுத்திக்கொண்டது. தொழிலுக்குரிய எழுத்தில் பெயர் தொடங்கும். விசிறியால் இயங்குவதற்கு ஓரசைச் சொல், ஜெட்டுக்கு ஈரசைச் சொல். டி.யூ.-142 அதனால் 'பேர்' ஆயிற்று. மிக்-29 'ஃபல்க்ரம்' ஆயிற்று. ரேடியோவில் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வருவது விசிறி விமானமா ஜெட்டா, குண்டு வீசுவதா பொருவதா என்று ஒரு காவல்காரனுக்குத் தெரிந்துவிடுகிற இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நான் மெச்சாமல் இருக்க முடியவில்லை. நம்மவர்களும் தம் பங்குக்குப் பெயரிட்டார்கள்; மிக்-29 இங்கே 'பாஜ்' என்றும், மிக்-25 'கருடா' என்றும், ஜாகுவார் 'ஷம்ஷேர்' என்றும், மிராஜ் 2000 'வஜ்ரா' என்றும் வழங்கின. இவற்றோடு சோவியத் தொழிற்சாலைக் குறியும் சேர்ந்துகொண்டதால், மிக்-21எஃப்.எல். விமானத்தை நம் விமானப்படையினர் 'டைப் 77' என்றே அழைத்து வந்தார்கள். அதே விமானம் மேற்கத்தியர் வாயில் 'ஃபிஷ்பெட்'.

பிரிட்டிஷ் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு விசேஷம் உண்டு. 1957-ல் நமக்கு வந்த கான்பெர்ரா குண்டுவீச்சு விமானத்துக்கு 58 என்ற எண் இருப்பதைப் பார்த்து, அதற்கு முன் ஐம்பத்தேழு திருத்தங்கள் நடந்தனவோ என்று மலைக்க வேண்டாம். பிரிட்டனில் அதன் எண் 8. அயல்நாட்டுக்கு விற்றபோது ஐம்பதைக் கூட்டினார்கள். 7 என்ற உளவுப் படப்பிடிப்பு விமானம் அவ்விதமே 57 ஆயிற்று. ஹன்டர் 6, 56 ஆயிற்று.

இந்தியா தானே விமானம் செய்யத் தொடங்கியபோது, பெங்களூர் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையார் தெளிவான முறை ஒன்றையே கைக்கொண்டார்கள். எச் என்றால் ஹிந்துஸ்தான், டி என்றால் பயிற்சி. 1951 ஆகஸ்டில் பறந்த எச்.டி.-2 முதல் மகவு. 1961 ஜூன் 17-ஆம் நாள் பறந்த எச்.எஃப்.-24, ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் வகுக்கப்பட்ட போர் விமானம். மாருத் என்ற அழகிய பெயர் அந்தக் குறிக்கு மேலே சூட்டிய மாலையாக இருந்ததேயன்றி, குறியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஜெட் பயிற்சி விமானமான கிரண் எச்.ஜே.டி.-16 என்றும், பிஸ்டன் எஞ்சின் பயிற்சி விமானமான தீபக் எச்.பி.டி.-32 என்றும் வந்தன. சித்தூரிலிருந்து பெங்களூர் போகிறவர்கள் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் மாருத் ஒன்றைக் கண்ணாரக் காணலாம்.

இந்த ஒழுங்கு பிறகு தொடரவில்லை. 1980-களில் தொடங்கிய இலகு போர் விமானத் திட்டம் 'எல்.சி.ஏ.' என்ற திட்டப்பெயராலேயே வளர்ந்தது. 2001 ஜனவரி 4-ஆம் நாள் முதன்முதல் பறந்தது டி.டி.-1, அதன் பின் பி.வி. என்ற முன்மாதிரிகள், எல்.எஸ்.பி. என்ற சிறு உற்பத்தி, எஸ்.பி. என்ற தொடர் உற்பத்தி என்று, பருவத்துக்கொரு குறியாக மாறிக்கொண்டே வந்தது. 2003-ல் பிரதமர் வாஜ்பாய் தேஜஸ் என்று பெயர் சூட்டினார். பெயர் சிறந்ததே, ஆனால் 'தேஜஸ்', 'துருவ்', 'ருத்ரா', 'பிரசண்ட்' என்ற பெயர்களை மட்டும் கேட்கிறவர், இவற்றுள் ஜெட் எது, ஹெலிகாப்டர் எது என்பதைக்கூட அறிய முடியாது. 2016-ல் பறந்த எச்.டி.டி.-40 போன்ற பயிற்சி விமானங்களே பழைய குலவழக்கத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன. இதற்கிடையில் வடோதராவில் டாட்டா நிறுவனம் இணைத்து உருவாக்கும் சி-295 வந்திருக்கிறது. அமெரிக்க வழக்கத்தால் அதிலுள்ள சி சரக்கைக் குறிக்கிறது என்று ஒருவர் நினைத்தால் ஏமாந்துபோவார். அது காசா என்ற ஸ்பானியக் கம்பெனியின் தலையெழுத்து. 2 என்பது எஞ்சின்களின் எண்ணிக்கை. 95 என்பது அது தூக்கும் ஒன்பதரை டன் சுமை.

வகைக்குறியின் முக்கியத்துவத்தைத் துயரமான ஒரு நிகழ்ச்சி நமக்குக் காட்டியிருக்கிறது. 2016 ஜூலை 22-ஆம் நாள் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம், கே-2743 என்ற வால் எண்ணுடையது, 29 பேரோடு வங்கக் கடலின் மேல் மறைந்தது. வால் எண் என்பது வகைக்குறியினின்றும் வேறானது. வகைக்குறி இனத்துக்கு உரியது, வால் எண் ஒரே ஒரு விமானத்துக்கு உரியது. ஏழரை ஆண்டுகள் கழித்து, சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம், சென்னைக் கரைக்கு ஏறக்குறைய 310 கிலோமீட்டருக்கு அப்பால், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறிக் கிடந்த பாகங்களைப் படம் பிடித்தது. அந்தப் படங்கள் ஏ.என்.-32 வகையோடு ஒத்திருந்தன என்பதையும், அப்பகுதியில் காணாமற்போன வேறு விமானம் இல்லை என்பதையும் கொண்டே, 2024 ஜனவரியில் அரசாங்கம் அது காணாமற்போன அந்த விமானமாக இருக்கக்கூடும் என்று அறிவித்தது. இத்தனை காலம் காத்திருந்த குடும்பங்களுக்கு விடையாக வந்தது, சிதைந்த உலோகத்தில் இனத்தின் லக்ஷணத்தைக் கண்டறிந்த அறிவேயாகும்.

ஒழுங்காகப் பெயரிட நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதற்குச் சாட்சி திருப்பதி ஜில்லாவிலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஏற்பட்ட அந்த ஜில்லாவின் எல்லைக்குள் சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் சேர்ந்தன. அங்கிருந்து 1971 அக்டோபர் 9-ஆம் நாள் முதன்முதல் ஏவப்பட்ட ராக்கெட்டின் பெயர் ஆர்.எச்.-125, ஆர்.எச். ரோகிணியையும், 125 அதன் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். பெரிய ராக்கெட்டுகளின் பாகங்களுக்கும் அதே தெளிவு உண்டு: எஸ் என்றால் திட எரிபொருள், எல் என்றால் திரவம், சி என்றால் கடுங்குளிர்த் திரவம், பின்வரும் எண், அவ்வெரிபொருள் ஏறக்குறைய எத்தனை டன் என்பதைச் சொல்லும். சந்திரயான்-3 ஐ 2023 ஜூலை 14-ஆம் நாள் தூக்கிச் சென்ற ராக்கெட்டில் எஸ்200 இரண்டும், எல்110, சி25 ஆகியவையும் இருந்தன என்று படித்த மாத்திரத்தில், கல்லூரி மாணவன் ஒருவன் அந்த ராக்கெட்டின் படத்தையே காகிதத்தில் வரைந்துவிடலாம்.

விமானங்களுக்கும் இத்தகைய பொது ஒழுங்கு வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முன்பு எச் என்ற எழுத்துப் போதுமாயிருந்தது, செய்தவர் ஒருவரே ஆனதால். இன்று தனியார் நிறுவனங்களும் விமானத் தொழிலில் இறங்கிவிட்டன. ஐந்தாம் தலைமுறைப் போர் விமானமான ஏ.எம்.சி.ஏ.-வின் முன்மாதிரிகளைச் செய்ய 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவைக் குழு அனுமதி கொடுத்திருக்கிறது. ஆகவே புதிய குறி, செய்தவர் யார் என்பதை விட்டு, செய்யும் தொழிலை முதலில் சொல்லுவதாகவும், முப்படைகளுக்கும் கடலோரக் காவற்படைக்கும் பொதுவாகவும் இருக்க வேண்டும். இதற்குத் தொழிற்சாலையோ பெரும் பொருளோ தேவையில்லை. 1962-ல் அமெரிக்காவில் நிகழ்ந்தது போல, பாதுகாப்பு அமைச்சகத்தின் ஓர் உத்தரவு போதும். ஏ.எம்.சி.ஏ.-வின் முதல் முன்மாதிரி கொட்டகையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அந்த உத்தரவு வருவது நல்லது.