நின்றபடி இழுக்கும் டிராக்டர்

பழனியில் விஞ்ச் ஏறாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. சிறுவயதில் அந்தப் பெட்டியில் உட்கார்ந்தபோது எனக்கு ஒரே சந்தேகம்: எஞ்சின் எங்கே? பெட்டிக்குள் எதுவும் உறுமவில்லை. தண்டவாளத்துக்கு நடுவே எண்ணெய் பூசிய இரும்புக் கயிறு ஒன்று மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. “இழுக்கிறவன் ஒரே இடத்துல உக்காந்துக்கிட்டுத்தான் இழுக்கிறான்” என்றார் அப்பா. ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் படித்ததும் அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது.

அவருக்குக் காப்பித் தோட்டம். நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் முற்றியவற்றை அனுமதி வாங்கி வெட்டுகிறார். சரிவில் விழுந்து கிடக்கும் கட்டையை, காப்பிச் செடியை மிதிக்காமல் பாதைக்குக் கொண்டுவர வேண்டும். கையில் இருப்பது 42 எச்.பி. டிராக்டர். “பின்னால் மாட்டும் மர விஞ்ச் ஒன்று வாங்க எண்ணம். மூன்றரை டன், ஐந்து டன், எட்டு டன் என்று வைத்திருக்கிறார்கள். எட்டு டன்னாகவே வாங்கிவிட்டால் பிறகு கவலை இருக்காது அல்லவா?” என்று கேட்டிருக்கிறார்.

இருக்கும். மூன்றரை டன் வாங்கியதைவிட அதிகமாகவே இருக்கும்.

ரோட்டவேட்டர் ஓட்டியவர்களுக்கு பி.டி.ஓ. தண்டையும் டாப் லிங்க்கையும் நான் விளக்க வேண்டியதில்லை. இந்த விஞ்ச்சும் அதே மூன்று புள்ளியில் மாட்டி, அதே 540 சுற்றில் ஓடுவதுதான். சங்கிலியும் பற்சக்கரமும் அந்த வேகத்தைக் குறைத்து ஓர் உருளைக்குக் கொடுக்கின்றன. உருளையில் ஐம்பது, எழுபது மீட்டர் இரும்புக் கயிறு. கீழே கனமான ஒரு முட்டுத்தகடு. டிராக்டரைப் பாதையில் நிறுத்தி, லிங்க்கைத் தாழ்த்தினால் தகடு மண்ணில் பதிந்துகொள்ளும். கயிற்றைக் கட்டை இருக்கும் இடத்துக்குக் கையால் இழுத்துப் போய், சுருக்குச் சங்கிலியால் அதன் தலையைக் கட்டிவிட்டுத் தள்ளி நின்று கிளச் கயிற்றை இழுத்தால், கட்டை நகர்ந்து வரும். டிராக்டர் நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலம் அசையாது.

தேர் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டையைத் தெரியும். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்தடியில் ஒருவர் கொடுக்கும் கட்டைக்குத் தேர் கட்டுப்படும். விஞ்ச்சின் முட்டுத்தகடு அந்த வேலையைத்தான் செய்கிறது. நல்ல விஞ்ச்சா என்று பார்க்க முதலில் அதன் டன் கணக்கைப் பார்க்காதீர்கள். தகடு டிராக்டரின் பின்சக்கர அகலத்துக்காவது இருக்கிறதா, விளிம்பில் மண்ணைக் கவ்வும் பல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த எந்திரத்தோடு அன்றாடம் வாழ்கிற நாடுகளில் ஸ்லோவேனியாவும் ஒன்று. நிலத்தில் பாதிக்கு மேல் காடு. அதில் பெரும்பகுதி சிறு சிறு துண்டுகளாகக் குடியானவர்கள் கையில். வெட்டுகிற கம்பெனி வேறு, உழுகிற விவசாயி வேறு என்ற பிரிவு அங்கே அவ்வளவாக இல்லை. கோடையில் புல் அறுக்கும் டிராக்டரே குளிர்காலத்தில் மரம் இழுக்கும். 2014 ஜனவரி கடைசியில் அங்கே மழை விழுந்த மாத்திரத்தில் உறைந்து, கிளைகளில் பனிக்கட்டியாகப் படிந்தது. நாட்டுக் காடுகளில் ஏறக்குறையப் பாதி அந்தப் பாரத்தில் சேதமானது. முறிந்த மரத்தைக் காட்டிலேயே விட்டால் பட்டை வண்டு பெருகி, நிற்கிற மரத்தையும் தின்னும். ஆகவே மலைச்சரிவுகளில் வருடக்கணக்காக இந்தச் சிறு விஞ்ச்சுகள் ஓடின.

அங்கே ஒரு தயாரிப்பின் பெயர் ‘கிர்பான்’. ஃபிரான் லெவ்ஸ்டிக் 1858இல் எழுதிய கதையின் நாயகன் மார்ட்டின் கிர்பான். குதிரை மேல் உப்பு ஏற்றிப் போகிறவன். பனி மூடிய ஒற்றைப் பாதையில் எதிரே அரசரின் வண்டி வந்துவிட, பொதியோடு குதிரையை அப்படியே தூக்கி ஓரமாக வைத்து வழிவிட்டானாம். மரம் இழுக்கும் எந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. நகர முடியாத பாதையில் நின்று, பாரத்தை நகர்த்தியவன் அவன்.

நம் ஊரில் நடப்பதோ வேறு. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த பிறகு பேராவூரணிப் பக்கம் போயிருந்தேன். தென்னந்தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. ஒரு தோப்பில், விழுந்த மரத்தின் அடியில் கயிறு கட்டி, மறுமுனையை டிராக்டரின் டாப் லிங்க் கொக்கியில் மாட்டி இழுத்தார்கள். மரம் கொஞ்ச தூரம் வந்தது. பிறகு வேர்க்கட்டை எதிலோ சிக்கியது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். முன் சக்கரங்கள் இரண்டும் முழ உயரம் எழும்பின. கரையிலிருந்த பெரியவர் கத்திய கத்தில் அவர் கிளச்சை மிதித்துவிட்டார். முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. அந்த ஓட்டுநரின் கை அதற்குப் பிறகு வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். எஞ்சின் பின்சக்கரத்தைச் சுற்றப் பார்க்கிறது. சக்கரம் சுற்ற முடியாமல் பிடிபட்டால், அந்த முறுக்கு வேறெங்கும் போகாது. சக்கரம் சுற்றாவிட்டால் வண்டி சுற்றும். அச்சுக்கு மேலே கயிறு கட்டியிருந்தால் அந்த இழுப்பும் சேர்ந்துகொண்டு வண்டியைப் பின்னால் சாய்க்கும். முன்பக்கம் எழும்பத் தொடங்கியதிலிருந்து முழுதாகக் கவிழ ஒன்றரை வினாடி போதும். அதில் பாதி நேரம் கடந்துவிட்டால் பிறகு கிளச்சை மிதித்தும் பயனில்லை. டிராக்டரால் இழுத்தே ஆகவேண்டும் என்றால் அச்சுக்குக் கீழே இருக்கும் டிராபாரில் மட்டும் கட்டுங்கள். வேறு எங்கும் கட்டவே கூடாது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாடுகளில் கலப்பை கல்லில் மாட்டி இப்படியே கவிழ்ந்து பல ஓட்டுநர்கள் இறந்தார்கள். வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் மூன்று புள்ளி இணைப்பை உருவாக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கலப்பை மாட்டினால் டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளி வண்டியின் மூக்கைத் தாழ்த்திப் பிடிக்கும். நம் வயல்களில் ஓடும் மாசி ஃபெர்குசனின் பெயரில் இருப்பது அதே ஃபெர்குசன்தான். உயிர் காக்க அவர் வைத்த டாப் லிங்க்கின் கொக்கியிலேயே நாம் கயிற்றைக் கட்டி இழுக்கிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது பதைக்கிறது.

விஞ்ச்சில் அந்த ஆபத்து பெரிதும் குறைகிறது. வண்டி நியூட்ரலில் நிற்கிறது, பிரேக் போட்டிருக்கிறது, சக்கரத்துக்கு முறுக்கே போவதில்லை. கட்டை சிக்கினால் கையிலிருக்கும் கிளச் கயிற்றை விட்டால் போதும், உருளை நின்றுவிடும். பயந்து கையை உதறினாலும், கால் வழுக்கி விழுந்தாலும் அது நிற்கத்தான் செய்யும். இப்படிக் கையை எடுத்தாலே நிற்கிற எந்திரங்களின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இனி எட்டு டன்னுக்கு வருகிறேன். கயிறிழுக்கும் போட்டியில் எது லேசோ அதுதான் நகரும். 42 எச்.பி. டிராக்டர் இரண்டு டன் எடைக்கு முன்னே பின்னே இருக்கும். அதன் முதுகில் எட்டு டன் விஞ்ச்சை ஏற்றினால், கட்டை சிக்கும் நேரத்தில் தகடு மண்ணை உழுதுகொண்டு டிராக்டர்தான் கட்டையை நோக்கிப் போகும். போதாததற்கு அந்த விஞ்ச்சின் சொந்த எடையே முன்சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பப் பார்க்கும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மலைப்பாதையில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. சிறிய விஞ்ச்சுக்கும்கூட முன்னால் எடைக்கட்டி மாட்டத்தான் வேண்டும்.

தேவையும் அவ்வளவு இல்லை. அரை மீட்டர் விட்டம், ஐந்து மீட்டர் நீளமுள்ள கட்டை ஏறக்குறைய ஒரு கன மீட்டர். பச்சை மரத்துக்கு ஒரு டன் என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் அதை இழுக்க அதன் எடையில் பாதியோ முக்காலோ போதும். மேட்டில் கூடும். தலை மண்ணைக் கிளறாமல் தூக்கினாற்போல் வந்தால் குறையும். ஆனைமலையில் மரம் இழுத்த யானைகளுக்குப் பாகன் கட்டையின் ஒரு முனையில்தான் சங்கிலி போடுவார். அந்த முனை எழும்பி வரும், மறுமுனை மட்டும் தரையில் உரசும். விஞ்ச்சில் மேலே ஒரு கப்பி வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

இந்த எந்திரத்தில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் உருளைதான். அம்மாவின் தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றுவது சிறுவயதில் என் வேலை. மெஷினை ஒரே வேகத்தில் மிதித்தாலும், பாபின் வெறுமையாக இருக்கும்போது நூல் மெதுவாக வரும். நிறைய நிறையக் கண்டிலிருந்து நூல் ஓடி வரும். சுற்றின் விட்டம் பெருகுகிறது, அவ்வளவுதான். விஞ்ச்சிலும் அதே. ஆனால் வேகம் கூடும்போது இழுவிசை குறைகிறது. உதாரணமாக, 12 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. அகலமும் உள்ள உருளையில் 10 மி.மீ. கயிறு ஐம்பது மீட்டர் சுற்றினால் ஐந்து அடுக்கு வரும். முதல் அடுக்கில் கயிற்றுச் சுற்றின் விட்டம் 13 செ.மீ.; ஐந்தாவதில் 21 செ.மீ. முதல் அடுக்கில் மூன்றரை டன் இழுக்கும் விஞ்ச், ஐந்தாவது அடுக்கில் இரண்டு டன்னுக்குச் சற்று மேல்தான் இழுக்கும்.

விளம்பரத்தாளில் போடுவது முதல் அடுக்கின் கணக்கு. கயிறு முழுவதும் வெளியே போய், கட்டை தொலைவில் கிடக்கும்போதுதான் அந்தப் பலம் கிடைக்கும். கட்டை அருகே வர வர வேகம் கூடும், பலம் குறையும். டிராக்டருக்கு நாலடி தள்ளிக் கட்டை சிக்கி, விஞ்ச் திணறினால் எந்திரம் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கும்போது கடைக்காரரிடம், “கடைசி அடுக்கில் எவ்வளவு இழுக்கும்?” என்று கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் சொல்லிவிடுவார்.

பாபினில் நூலைத் தளர்வாகச் சுற்றினால் அம்மா அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றச் சொல்வார். மேல் நூல் கீழ் நூலுக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். விஞ்ச்சும் அப்படியே. புதுக் கயிற்றை முதன்முதலில் சுற்றும்போது ஒரு கட்டையைக் கட்டி, பாரத்தோடு இறுக்கமாகச் சுற்ற வேண்டும்.

காப்பிச் செடிகளுக்கு நடுவே நேராக இழுக்க முடியாது. வழியில் ஒரு மரத்தில் பட்டைநாடா போட்டு, பக்கவாட்டில் திறந்து மூடும் கப்பியைக் கட்டிக் கயிற்றைத் திருப்பலாம். அப்போது ஒன்றை மறக்கக் கூடாது. கயிறு செங்கோணமாகத் திரும்பினால் அந்த மரத்தின் மேல் விழும் இழுப்பு, கயிற்றில் இருப்பதைப் போல 1.4 மடங்கு, வந்த திசைக்கே திரும்பினால் இரு மடங்கு. இளம் மரத்தில் கட்டினால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். கயிறு மடியும் அந்த முக்கோணத்துக்கு உள்ளே யாரும் நிற்கக் கூடாது. கப்பி கழன்றால் கயிறு அந்த உட்புறத்தைத்தான் வாரிக்கொண்டு போகும்.

இத்தனை சொல்லியும் என் பெரிய கவலை கயிற்றைப் பற்றியது அல்ல. ஊர் ஊராகப் பார்க்கிறேன்: பி.டி.ஓ. தண்டின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை, வாங்கிய ஆறு மாதத்தில் காணாமல் போயிருக்கிறது. கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருப்பார்கள், அல்லது உடைந்ததை மாற்றியிருக்கமாட்டார்கள். 540 சுற்று என்றால் வினாடிக்கு ஒன்பது. ஏழு செ.மீ. தடிமனான தண்டு ஒரு வினாடியில் இரண்டு மீட்டர் துணியைச் சுற்றிக்கொள்ளும். நாலு முழ வேட்டியின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு வினாடியில் வேட்டி முடிந்தால் அடுத்து இழுபடுவது ஆள். துண்டும் சேலைத் தலைப்பும் அப்படியே. டீசலுக்கும் டயருக்கும் கணக்குப் பார்க்காத வீடுகளில்கூட அந்த உறைக்கு மட்டும் மனம் வருவதில்லை. விஞ்ச் வேலையில் ஆள் டிராக்டரின் பின்பக்கமாகத்தான் போய்வந்து கொண்டிருப்பார் என்பதால் இங்கே ஆபத்து இன்னும் நெருக்கம்.

ஏற்காட்டு நண்பருக்கு என் பதில் இது. மூன்றரை டன் போதும். கயிறு அதைப்போல் இரு மடங்காவது தாங்கக்கூடியதாக இருக்கட்டும். ஓட்டுநர் முதுகுக்குக் கம்பிவலைத் தடுப்பும், உருளைக்குப் பிரேக்கும் இல்லாத விஞ்ச்சை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கயிற்றைத் தொடுகிறவருக்குத் தடித்த தோல் கையுறை வேண்டும்; அறுந்த ஒரு கம்பி இழை உள்ளங்கையைக் கிழிக்கப் போதும். எல்லாவற்றுக்கும் முன்பு, இப்போது கொட்டகையில் நிற்கும் உங்கள் ரோட்டவேட்டரின் தண்டைப் போய்ப் பாருங்கள். உறை இல்லையென்றால் முதலில் அதை வாங்கி மாட்டிவிட்டு, பிறகு எனக்கு எழுதுங்கள்.