சோழவரத்திலிருந்து சிங்கப்பூர் போகிறீர்களா?

சோழவரத்துக்கும் ஆகாய விமானத்துக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாவது உலகப் போர் நடந்த காலத்தில் இங்கே விமானம் இறங்க ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்தது. விமானங்கள் போயின. பிறகு அதே ஓடுபாதையில் மோட்டார் பந்தயம் நடந்தது. பட்டணத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

இப்போது இந்தப் பக்கத்து ஜனங்களே விமானம் ஏறி வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் போகிறார். காரனோடையில் கடை வைத்திருப்பவர் போகிறார். ஓய்வு பெற்ற வாத்தியார், மனைவியையும் அழைத்துக்கொண்டு போகிறார். 30 பேர், 40 பேர் சேர்ந்து கோஷ்டியாக மலேசியா, சிங்கப்பூர் என்று ஒரே சுற்று!

முன்பு சென்னையிலிருந்து ‘ரஜூலா’ என்ற கப்பல் அந்த ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடலில் சுமார் ஒரு வாரம். இப்போது விமானத்தில் 4 மணி நேரம். கோயம்புத்தூருக்கு ரெயிலில் போவதைவிடச் சீக்கிரம்!

பிறகு என்ன கஷ்டம்? கஷ்டம் பயணத்தில் இல்லை. பணம் கட்டும்போது கையில் கொடுக்கிறார்களே, வழவழப்பான அச்சுக் காகிதம், அதில் இருக்கிறது. சீட்டு எடுத்த பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கட்டுகிறவர்கள் பலர். ஆகவே அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்போம்.

“முதல் நாள்: ஓட்டலில் தங்கல்”

இப்படித்தான் அச்சடித்திருக்கும். இரவு 11 மணிக்கு மீனம்பாக்கத்தில் விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் இறங்கும்போது நம் கடிகாரத்தில் மணி 3. அந்த ஊர்க் கடிகாரத்தில் மணி 5½. அங்கே நம்மைவிட 2½ மணி முன்னால்.

ஓட்டலில் அறை எப்போது கொடுப்பார்கள் தெரியுமா? பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கு மேல், சில இடங்களில் 3 மணி. அதுவரை? பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவார்கள். பல் துலக்கியது விமான நிலையத்தில். குளியல் கிடையாது. தூக்கமும் கிடையாது. இளைஞர்கள் சமாளிப்பார்கள். 70 வயதுப் பாட்டி என்ன செய்வாள்? அன்று போகும் முதல் இடம் பெரும்பாலும் பத்து மலை. முருகன் குகைக் கோயிலுக்கு 272 படி!

படி ஏற முடியாதவர்கள் கீழே நின்றே கும்பிடலாம். அடிவாரத்தில் 140 அடி உயரத்தில் முருகன் நிற்கிறார். 2006 ஜனவரியில் எழுப்பிய சிலை அது. பார்த்தாலே கழுத்து வலிக்கும், மனம் நிறையும். ஆனால் தூக்கம் கெட்ட கண்ணோடு பார்ப்பதா? “முதல் நாள் காலையிலேயே அறை கிடைக்குமா? அதற்குத் தனிக் கட்டணமா?” என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். என் அபிப்பிராயத்தில், ஒரு வேடிக்கையைக் குறைத்துவிட்டு இந்த அறைக்குக் கூடக் கொடுப்பது மேல்.

அறையைப் பற்றி இன்னும் ஒன்று. “ஓர் அறைக்கு இருவர்” என்பதுதான் சாதாரணக் கணக்கு. மூன்றாவது ஆளுக்குத் தனி அறை வராது. ஒரு மெத்தை வரும். மலேசியாவில் அயல்நாட்டார் தங்கும் அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. 2017-லிருந்து வசூலிக்கிறார்கள். காகிதத்தில் இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் ஓட்டல் மேஜையில் நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

பார்ப்பதா, உள்ளே போவதா?

“பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம்” என்று போட்டிருக்கும். 88 மாடி, 452 மீட்டர் உயரம். மேலே ஏறி ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று குழந்தைகள் குதிப்பார்கள். பஸ் நிற்கும். கீழே நின்று போட்டோ பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். 20 நிமிஷம். அவ்வளவுதான்! கோபுரங்களை இணைக்கும் பாலத்துக்குப் போகத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே “வெளியிலிருந்தா, உள்ளேயா?” என்று எழுதி வாங்குங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காசில்லாமல் பார்க்கக்கூடியதையும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சிங்கப்பூரில் தண்ணீர் கக்கும் சிங்கமுக மீன் சிலைக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. கடலோரப் பூந்தோட்டத்தில் செயற்கை மரங்கள் இரவில் ஒளி வீசி ஆடும் காட்சியும் இலவசம். கண்ணாடிக் கூடாரங்களுக்குத்தான் சீட்டு. சாக்லேட் கடை, நகைக் கடை என்று கொண்டுபோய் இறக்கிவிட்டால், அதுவும் “சுற்றிப் பார்த்தல்” கணக்கில் சேர்ந்துவிடும்!

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு பகல் போய்விடும். எல்லையில் இரண்டு தடவை இறங்க வேண்டும். சிங்கப்பூர்ப் பக்கத்தில் பெட்டியையும் நாமே தூக்கிக்கொண்டு சோதனைக்குப் போக வேண்டும். பெட்டி சிறியதாக இருக்கட்டும்.

சாம்பார் வேறு, சம்பல் வேறு

சாப்பாட்டுக் கவலைதான் நம் ஜனங்களுக்குப் பெரிய கவலை. சில கோஷ்டிகள் சமையல்காரரையே கூட அழைத்துப் போகின்றன. இந்த இரண்டு ஊர்களுக்கு அது தேவையா? சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து கோமள விலாஸ் இருக்கிறது. தோசை, இட்லி, காப்பி எல்லாம் கிடைக்கும். தமிழிலேயே கேட்கலாம். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றல்லவா?

ஆனால் மூன்று வேளையும் சாம்பார் என்றால் அவ்வளவு தூரம் போவானேன்? மலேசியாவின் ‘ரொட்டி சானாய்’ நம் பரோட்டாவின் கூடப்பிறந்த தம்பி. ‘தே தாரிக்’ என்பது நம் டீ மாஸ்டர் உயர்த்தி ஆற்றுகிறாரே, அதேதான். ‘நாசி கண்டார்’ சாப்பாட்டின் கதை இன்னும் அருமை. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடித் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தொங்கவிட்டுக்கொண்டு தெருத் தெருவாக விற்றார்கள். அந்தத் தண்டின் பெயர்தான் சாப்பாட்டுக்கு நிலைத்தது.

சைவர்கள் மட்டும் ஜாக்கிரதை! ‘சம்பல்’ என்று சிவப்பாக ஒரு துவையல் வைப்பார்கள். மிளகாய்ச் சட்டினி போலத் தோன்றும். அதில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். தேங்காய்ப் பால் சாதத்தின் மேல் நெத்திலி தூவியிருக்கும். “சைவமா?” என்று கேட்டால் போதாது. “மீன், இறால் போட்டிருக்கிறதா?” என்று கேட்க வேண்டும்.

சிங்கப்பூர் உணவங்காடிகளில் ஒரு வழக்கம் உண்டு. காலி மேஜையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால், யாரோ இடம் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடுவது போல! சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துப்போய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம்.

விசா கிடைக்காவிட்டால்?

இதை யாரும் கேட்பதில்லை. மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றார்கள். 2026 டிசம்பர் 31 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். குடும்பத்தில் நாலு பேருக்கு மனுப் போட்டு, ஒருவருக்கு மட்டும் மறுத்துவிட்டால் என்ன ஆகும்? மகனுக்கு இல்லை என்றால் தாய் கிளம்புவாளா? அப்போது நாலு பேர் பணத்தில் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். வாய் வார்த்தை உதவாது. பாஸ்போர்ட்டில் இன்னும் 6 மாதமாவது காலம் பாக்கி இருக்கிறதா என்பதையும் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

சுற்றுலாப் பணத்தோடு முன்கூட்டியே ஒரு வரியும் பிடிப்பார்கள். 2020 அக்டோபர் 1-ல் வந்த ஏற்பாடு இது. விகிதம் பிறகு மாறியிருக்கிறது. பலர் இதைப் போன பணம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி அல்ல. யாருடைய பான் எண்ணைக் கொடுத்தீர்களோ, அவர் பெயரில் அது வரவாக இருக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம். வரி கட்ட வேண்டியதில்லை என்றால் திரும்பப் பெறலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசி நாளன்று நண்பகலில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். விமானமோ ராத்திரியில். பெட்டிகளை ஓட்டலிலேயே வைத்துவிட்டுச் சிராங்கூன் சாலைக்குப் போகலாம். அங்கே கோடாலித் தைலம் வாங்காமல் திரும்பிய தமிழர் உண்டா? தெருவில் எல்லாருக்கும் ஒரு சீசா என்று டஜன் கணக்கில் வாங்குவார்கள். வாங்கியதைக் கைப்பையில் திணிக்காமல், நிறுத்துப் போடும் பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.