நாலு தட்டு நமக்கு, நாலு தட்டு அவர்களுக்கு

பட்டா, பட்டா, பட்டா, பொன்! சதுர பட்டனை மூன்று தடவை, வட்ட பட்டனை ஒரு தடவை. நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான். திரையில் நிற்கிற குட்டிப் படை மொத்தமும் அதே நாலு சொல்லைக் கீச்சுக் குரலில் திருப்பிப் பாடிக்கொண்டு முன்னால் நடக்கும். நடை என்று சொல்லக்கூடாது, துள்ளல்! கால் ஒன்று தவறாமல், தாளம் ஒன்று பிசகாமல், கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிற அழகைப் பார்த்தால் நம் கால் தரையில் நிற்காது.

இதுதான் பட்டாபொன். சோனியின் பிஎஸ்பி கையடக்கக் கருவிக்காக 2007 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்து, 2008 பிப்ரவரியில் மேற்கே போன விளையாட்டு. பாதி தாள விளையாட்டு, பாதி ஆர்பிஜி, அதாவது பாத்திரங்களை வளர்த்தெடுக்கிற வகை. படை திரட்டலாம், ஆயுதம் மாற்றலாம், அரக்கர்களை வேட்டையாடலாம். ஆனால் எந்த வீரனையும் நேராகப் பிடித்து நகர்த்த முடியாது. உங்கள் கையில் இருப்பது நாலே நாலு முரசு. சதுரம் தட்டினால் பட்டா, வட்டம் பொன், முக்கோணம் சக்கா, பெருக்கல் குறி டொன். இந்த நாலையும் வைத்துக்கொண்டு ஒரு குலத்தையே உலகத்தின் விளிம்புவரை கூட்டிப்போக வேண்டும்.

ஏனென்றால் கதைப்படி நீங்கள்தான் அவர்களுடைய கடவுள். ஜிகோடான்கள் என்ற எதிரிக் கூட்டத்திடம் நிலத்தை இழந்து ஒடுங்கிக் கிடக்கிற பட்டாபொன்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பூமியின் முடிவுக்குப் போய் ‘அதை’ப் பார்த்துவிட்டால் வாழ்வு முழுக்க இன்பம்தானாம். ‘அது’ என்ன? அவர்களுக்கே தெரியாது! தெரியாத ஒன்றைப் பார்க்க, கேள்வி கேட்காமல், பாடிக்கொண்டே கிளம்புகிற இந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு அளவில்லாத பிரியம்.

இவர்கள் பிறந்த இடம் ஒரு இணையப் பக்கம் என்பது இன்னும் இனிப்பான செய்தி. ரோலிட்டோ என்ற பெயரில் வரைகிற பிரெஞ்சுக் கலைஞர் ஒருவர், கரிய உடம்பும் ஒற்றைப் பெருங்கண்ணுமாகச் சில உருவங்களை வரைந்து தன் தளத்தில் போட்டிருந்தார். ஜப்பானில் இருந்த விளையாட்டு வடிவமைப்பாளர் ஹிரோயுகி கொட்டானியின் கண்ணில் அவை பட்டன. விட்டாரா மனிதர்! அந்த உருவங்களையே நாயகர்களாக்கி ஒரு உலகத்தை எழுப்பிவிட்டார். சோனியின் ஜப்பான் ஸ்டூடியோவும் பிரமிட் என்ற நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. இசை கெம்மேய் அடாச்சி. பட்டாபொன்களின் முகத்தில் மூக்கு கிடையாது, வாய் கிடையாது, கண் மட்டும்தான். ஆனாலும் அவர்கள் பயப்படுவதும் பூரிப்பதும் துல்லியமாகத் தெரிகிறது. பின்னணி முழுக்க இளஞ்சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வழிந்தோட, அதன்மேல் மை தொட்டு வைத்ததுபோல இந்த நிழலுருவங்கள். பிஎஸ்பியின் சின்னத் திரையில் நூறு உருவம் ஓடினாலும் எது யார் என்று குழப்பமே வராது.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். திரையைச் சுற்றி ஒரு மெல்லிய சட்டம் ஒவ்வொரு தட்டுக்கும் மினுங்கி மினுங்கி அடங்கும். நொடிக்கு ஏறக்குறைய இரண்டு மினுக்கல். நாலு மினுக்கலுக்குள் நீங்கள் நாலு தட்டு தட்டியாக வேண்டும். அடுத்த நாலு மினுக்கலும் அவர்களுடையது: பாடுவார்கள், நடப்பார்கள், ஈட்டி எறிவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பட்டனைத் தொட்டால் கட்டளைகளின் கோவை அறுந்துபோகும். ஆக மொத்தம் எட்டு எண்ணிக்கை. ஆதி தாளம் போட்டுப் பழகிய கைக்கு இந்தச் சுற்று உடனே பிடிபட்டுவிடும். எட்டும் முடிந்து மறுபடி சமத்துக்கு வந்து சேர்கிற இடம் உடம்புக்கே தெரிந்துவிடும்.

அந்த வெறும் நாலு தட்டில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்ற தாள விளையாட்டுகளில் திரை கேட்கும், நாம் தட்டுவோம். கேள்வி முழுக்கத் திரையினுடையது. இங்கே கேட்பது நாம். ‘பொன் பொன் பட்டா பொன்’ என்று தட்டினால் தாக்கு. ‘சக்கா சக்கா பட்டா பொன்’ என்றால் தற்காப்பு. கேட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர்கள் பதில் பாடுகிற அந்த இரண்டு நொடியில் நெஞ்சுக்குள் ஒரு குறுகுறுப்பு ஓடும் பாருங்கள், அதற்காகவே எத்தனை இரவு வேண்டுமானாலும் விழித்திருக்கலாம்.

தாளம் பிசகாமல் தொடர்ந்து தட்டத் தட்டத் திரையில் ஒரு புழு நெளிய ஆரம்பிக்கும். இசையும் அதோடு வளரும். முதலில் வெறும் முரசு, அப்புறம் மெல்ல மெல்ல மற்ற ஓசைகள் வந்து சேரும், படையின் குரலும் ஏறும். பத்து கட்டளை அறுபடாமல் போனால் ‘ஃபீவர்!’ தட்டு மிகத் துல்லியமாக விழுந்தால் பத்து வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம், அதற்கு முன்பே வந்துவிடும். ஃபீவர் ஏறிய படை வேறு படை. அதே வீரன், அதே வில், ஆனால் அடி இரண்டு மடங்கு வெறியோடு விழும். பாட்டோ, ஒரு ஊர்த் திருவிழாவே!

இனி டொடோங்கா. பெரிய தாடையோடு டைனோசர் மாதிரி வந்து நிற்கிற முதல் பெரிய அரக்கன். நம் ஆட்கள் அவன் கால் உயரம்கூட இல்லை. முன்னால் கேடயம் ஏந்திய டாட்டெபொன்கள், நடுவில் ஈட்டிக்கார யாரிபொன்கள், பின்னால் வில்லாளி யுமிபொன்கள், எல்லோருக்கும் நடுவே கொடி பிடித்த ஹட்டாபொன். அவன் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அரக்கன் தாக்குவதற்கு முன் உடம்பை ஒரு விதமாக அசைப்பான். அந்த அசைவைக் கண்ட நொடியில் ‘காப்பாற்று’ என்று கட்டளை போட்டுவிட முடியாது, ஏனென்றால் கட்டளை போடவே நாலு தட்டு ஆகும். பாதிக் கட்டளையில் மனசு மாறினால் கோவை போச்சு. எனவே இப்போது நடப்பதைப் பார்த்துத் தட்டினால் தாமதம். அடுத்த சுற்றில் அவன் என்ன செய்வான் என்று முன்கூட்டியே நினைத்துத் தட்ட வேண்டும். சக்கா, சக்கா, பட்டா, பொன்! படை கேடயத்துக்குப் பின்னால் பதுங்குகிறது, அரக்கனின் நெருப்பு தலைக்கு மேல் சீறுகிறது, ஒருவர்கூட விழவில்லை. அடுத்த சுற்றிலேயே பொன் பொன் பட்டா பொன்! ஈட்டிகள் வானத்தில் எழும்புகின்றன. கத்தாமல் இருக்க முடியுமா?

பாலைவனக் கட்டம் இன்னும் அருமை. வெயிலின் கொடுமையில் வீரர்கள் வெந்து விழுகிறார்கள். மழை வேண்டும். மழைக்கும் ஒரு தாளம் இருக்கிறது: டொன், டொன்-டொன், டொன்-டொன். அதுவரை ஒற்றைத் தட்டாகவே பழகிய விரலுக்கு இந்த இரட்டைத் தட்டு முதலில் முரண்டு பிடிக்கும். சரியாக விழுந்துவிட்டால் வானம் இருள்கிறது, கொட்டுகிறது மழை! முரசடித்து மழை வரவழைக்கிற காட்சியை இவ்வளவு நம்பும்படியாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஆர்பிஜிப் பகுதி ஊருக்குள் இருக்கிறது. பட்டாபொலிஸ் என்ற அந்த ஊரில் மாட்டர் என்ற உயிர் மரம். வேட்டையிலும் போரிலும் கிடைத்த இறைச்சி, உலோகம், மரத்துண்டு, கூடவே கா-சிங் என்ற காசு எல்லாம் அங்கே கொடுத்தால் புது வீரன் முளைப்பான். அரிய பொருளைக் கொடுத்தால் உருவமும் குணமும் மாறிய சிறப்பு வீரன் வருவான். போரில் விழுந்தவனுடைய தொப்பியை எடுத்து வந்தால் அவனையே திரும்ப உயிர்ப்பிக்கலாம், அதனால் தொப்பி கீழே விழுந்த இடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை பதறும். ஊதுகுழல்காரன் மரத்தை எழுப்புகிற விளையாட்டு, கொல்லன் பட்டறை விளையாட்டு என்று ஊருக்குள்ளேயே குட்டித் தாள விளையாட்டுகளும் உண்டு. கொம்பு ஊதியே எதிரியை அடிக்கிற மெகாபொன்தான் என் செல்லம். அவனை எப்போதும் படையில் சேர்த்துக்கொள்வேன்.

இதெல்லாம் கையடக்கக் கருவியில் பிறந்தது தற்செயல் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பட்டனும் திரையும் ஒலியும் ஒரே உடம்பில், ஒரே கைக்குள். தட்டுக்கும் ஓசைக்கும் இடைவெளி விழ வழியே இல்லை. பெரிய டிவியில் படம் கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் கொஞ்சம் தாமதம் ஆகும். சாதாரண விளையாட்டுக்கு அது பொருட்டே இல்லை, இங்கே அந்தத் துளித் தாமதமும் தாளத்தைக் கவிழ்த்துவிடும்.

பிஎஸ்பி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். முதல் இரண்டு பாகங்களும் சேர்ந்து ‘பட்டாபொன் 1+2 ரீப்ளே’ என்று 2025 ஜூலையில் மறுபடி வந்திருக்கின்றன. நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும் விளையாடலாம். கட்டளைகளை எப்போதும் திரையில் காட்டிக்கொண்டே இருக்கிற வசதி, கடினத்தைக் குறைக்கிற வசதி, தட்டு விழும் நேரத்தை உங்கள் கருவிக்குத் தக்கபடி திருத்திக்கொள்கிற வசதி எல்லாம் அதில் உண்டு. முதலில் அந்த நேரத் திருத்தத்தை முடித்துவிடுங்கள். வயர் உள்ள ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் வேட்டைக் கட்டங்களில் நன்றாகச் சுற்றி இறைச்சியும் காசும் சேர்த்து, ஈட்டிக்காரர்களையும் வில்லாளிகளையும் நிறைத்துக்கொண்டு டொடோங்காவிடம் போங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்!