நாதம் குடியிருக்கும் மரக்கூடு

இன்று போலந்து தேசத்தைச் சேர்ந்துவிட்ட ஸைலீஷியாவின் ஃப்ரைபர்க் நகரில், 1847-ஆம் ஆண்டில் குஸ்தாவ் பெக்கர் என்னும் கடிகாரத் தொழிலாளி சிறியதாகத் தொடங்கிய பட்டறை, 1892-இல் பத்து லட்சமாவது கடிகாரத்தைச் செய்து முடிக்கும் பெருந்தொழிற்சாலையாக வளர்ந்திருந்தது. அங்கே பிறந்த மணியடிக்கும் சுவர்க்கடிகாரம் ஒன்றின் எதிரே நிற்பவர்களுடைய கண் முதலில் லயித்துப்போவது அதன் மரக்கூட்டிலேதான்.

1871-இல் ஜெர்மானிய நாடுகள் ஒரே சாம்ராஜ்யமாக இணைந்த பிறகு, முன்னோர் காலத்துச் சித்திர வேலைப்பாடுகளில் அந்த மக்களுக்குப் புதிய மோகம் பிறந்தது. அந்த மோகத்தின் அடையாளமாகவே, வால்நட் மரத்தில் இருபுறமும் கடைசல் பிடித்த தூண்களும், மேலே எழும் முகப்பும், உச்சியில் இறகு விரித்த கழுகும், கீழே தொங்கும் குமிழ்களுமாக இக்கூடுகள் அமைந்தன. இந்த அலங்காரத்துக்கும் உள்ளே ஓடும் யந்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்பவர்கள், மணியோசையைச் செவிகொடுத்துக் கேளாதவர்கள்.

மணி ஆவதற்குச் சில நிமிஷம் முன்னதாகக் கதவருகே நின்றால், உள்ளே ‘க்ளிக்’ என்று மெல்லிய சப்தம் ஒன்று எழும். அடிப்பதற்கு யந்திரம் ஆயத்தமாகிவிட்டதன் அறிகுறி அது. பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் நெம்புகோல் விடுபட, சக்கரங்கள் சுழல, சிறு சுத்தி எழுந்தெழுந்து சுருள் கம்பியின்மேல் விழுகிறது. பழைய அமைப்பில், அடிகளின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது, விளிம்பிலே வரவர இடைவெளி கூடும் வெட்டுக்களைக் கொண்ட ஒரு சக்கரம். நெம்புகோல் வெட்டில் விழுந்தால் மணி ஓய்ந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை 78, அரைமணிகளுக்கு 12, ஆகப் பன்னிரண்டு மணி நேரத்தில் 90 அடிகள். முள் எங்கே நிற்கிறது என்பது இச்சக்கரத்துக்குத் தெரியாதாகையால், அடித்து ஓயுமுன் முள்ளை அவசரமாகத் தள்ளிவிட்டால், முள் மூன்றில் நிற்க மணி இரண்டு அடிக்கும்.

அந்தக் கம்பியைத் தனியே எடுத்துத் தட்டினால் அதன் ஒலி மிக மெலிந்தது. கூட்டின் முதுகுப் பலகையில் முடுக்கப்பட்டிருப்பதனாலேயே, அதிர்வு மரமெங்கும் பரவிக் கம்பீரமான நாதமாகிறது. வீணைத் தந்திக்குக் குடம் செய்யும் உபகாரத்தை மணிக்கு இந்த மரம் செய்கிறது. செல்லரித்தது என்று கூட்டை எறிந்துவிட்டு யந்திரத்தை மட்டும் வேறு பெட்டியில் அடைப்பவர்கள், கடிகாரத்தின் குரலையே இழந்துவிடுகிறார்கள். குமிழ் உடைந்திருந்தால் அதே ஜாதி மரத்தில் கடைந்து பொருத்தலாம். பழைய மெருகைச் சுரண்டாமல் மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பிறகு, வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டிய சாவியைக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுக் காத்திருங்கள்: கடைசி அடி விழுந்த பின்னும், அந்த மரத்துக்குள்ளே நாதம் சற்று நேரம் நின்றுகொண்டிருக்கும்.